வாடாத தோரணம்

பொறியியலில் 'வடிவமைப்பு ஆயுள்' என்று ஒன்று உண்டு. ஒன்றைக் கட்டத் தொடங்குவதற்கு முன்பே அது எத்தனை ஆண்டு நிற்க வேண்டும் என்று தீர்மானித்துவிட வேண்டும். யூரோகோட் விதிகளில் சாதாரணக் கட்டடத்துக்கு 50 ஆண்டு, பாலத்துக்கு 100 ஆண்டு. 'தற்காலிகம்' என்று ஒதுக்கப்படும் வகைக்குக்கூட 10 ஆண்டு போட்டிருக்கிறார்கள். மூன்றே நாள் நிற்பதற்காகக் கட்டப்படும் ஒன்றுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

வாசல் தோரணம் அப்படிப்பட்ட ஒன்று. காலையில் கட்டினால் மறுநாள் மாவிலை சுருளத் தொடங்கும். மூன்றாம் நாள் குருத்தோலையின் விளிம்பு பழுப்பாகும். அதற்கு மேல் அது குப்பை.

எங்கள் ஃபிளாட்டில் மாடிக்கு நாலைந்து தமிழ் வீடுகள். ஏறக்குறைய எல்லா வீட்டு வாசல் நிலையிலும் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம் தொங்குகிறது. தீபாவளிக்குக் கட்டியது பொங்கல், தைப்பூசம், சித்திரை எல்லாவற்றையும் தாண்டி அடுத்த தீபாவளிக்கும் அங்கேயே இருக்கிறது. தூசி படிகிறது, வெயில் படும் பக்கம் வெளுக்கிறது. ஆனால் வாடுவதில்லை. மூன்று நாள் தேவைக்குப் பல பத்தாண்டுகள் அழியாத ஒரு பொருள். அலுவலகத்தில் இப்படி ஒரு வரைபடத்தைக் கொண்டுபோய் வைத்தால் மேலதிகாரி சிரிப்பார்.

வாடாத ஒன்றை வாசலில் கட்டுவதில் என்ன கெட்டுவிட்டது? ரசனை சம்பந்தப்பட்ட கேள்வி போலத்தான் இது தெரியும். எனக்கு இது அறம் சம்பந்தப்பட்ட கேள்வியாகத் தோன்றுகிறது. ஏன் என்று சொல்வதற்கு முன், வழக்கமாகக் கிடைக்கும் இரண்டு பதில்களைத் தாண்ட வேண்டும்.

முதல் பதில் சுற்றுச்சூழல். பிளாஸ்டிக் மண்ணுக்குக் கேடு, இலை மண்ணுக்கு உரம். இது சரிதான், ஆனால் இதோடு முடியவில்லை. குருத்தோலை மஞ்சளாக இருப்பது அது இன்னும் வெயிலைப் பார்க்காததால், பச்சையம் உருவாகவில்லை. உடையாமல் மடிவது அதன் நார் இன்னும் இறுகாததால். அதாவது விரியாத இலையை மரத்தின் நடுவிலிருந்து எடுக்கிறோம். நன்றாக வளர்ந்த தென்னை ஆண்டுக்குப் பன்னிரண்டு, பதினான்கு இலைகள்தான் விடும். ஒரு குருத்து என்றால் மரத்தின் ஏறக்குறைய ஒரு மாத உழைப்பு. தென்னைக்குக் கிளை கிடையாது. வளர்நுனி ஒன்றே ஒன்று. குருத்துக்குக் கீழே இருக்கும் அந்த இடத்தில் கத்தி பட்டுவிட்டால் மரமே போய்விடும். வெட்டிய காயத்தின் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வரும். 2007இல் திரங்கானுவில் அது கண்டறியப்பட்ட பிறகு தென்னை வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பயமும் சேர்ந்துகொண்டது. ஆக, ஓலைத் தோரணம் ஒன்றும் பாவமறியாத பொருள் அல்ல. எதையோ வெட்டித்தான் அழகு செய்கிறோம்.

இரண்டாவது பதில் 'கையால் செய்தது' என்பது. இந்தச் சொல்லுக்கு இப்போது நல்ல சந்தை இருக்கிறது. டிசம்பர் வந்தால் மால்களில் கிறிஸ்துமஸ் மலர்வளையம் கட்டக் கற்றுத்தரும் பட்டறைகள் நடக்கின்றன. பணம் கட்டி, இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, கம்பி வளையத்தில் இலைகளைச் சுற்றி, படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். அதில் சந்தோஷம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ பிரிக்பீல்ட்ஸிலோ பூக்கடைப் பலகையில் உட்கார்ந்து நாள் முழுக்க மாலை கட்டுகிறவர்களும் கையால்தான் செய்கிறார்கள். அவர்களில் பலர் பெர்மிட்டில் வந்தவர்கள். அவர்கள் கட்டியதை வாங்கும்போது 'கையால் செய்தது' என்று யாரும் சிலிர்ப்பதில்லை, விலைதான் பேசுகிறோம். இன்னொன்றும் இருக்கிறது. பிளாஸ்டிக் இலையை அச்சில் வார்ப்பது இயந்திரம் என்றாலும், செயற்கைப் பூக்களையும் மாலைகளையும் கோத்து முடிப்பதில் பெரும்பகுதி இன்றும் தொழிற்சாலைப் பெண்களின் கைவேலை. அந்த வாடாத தோரணத்திலும் ஒரு கை இருக்கிறது. நமக்கு அது தெரியவில்லை, அவ்வளவுதான்.

கையைப் புகழ்கிறவர் பெரும்பாலும் யாருடைய கையைப் புகழ்கிறார் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. என் பாட்டி தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். லயத்து வீட்டு வாசலில் அவர் கட்டிய தோரணத்தைப் பற்றி மாமாக்கள் இன்றும் நெகிழ்ந்து பேசுவார்கள். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, வெட்டுக்குப் போய்த் திரும்பி, பலகாரம் சுட்டு, அதற்கு மேல் கட்டிய தோரணம் அது. நெகிழ்கிற மாமாக்கள் யாரும் ஓலை கிழித்ததில்லை. அம்மா எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்த்தவர். அவர் பாசார் மாலாமில் பிளாஸ்டிக் தோரணம் வாங்கி வந்த வருஷம் பெரிய மாமா முகம் சுளித்தார். "ஏம்மா, ஓலை கட்டினா என்ன?" அம்மா கோபப்படவில்லை. "இருபத்தேழு வருஷம் லைன்ல நின்ன கைண்ணே இது. இப்ப நூல் முடிச்சுப் போட வரமாட்டேங்குது. உங்களுக்கு வேணும்னா நீங்க வந்து கட்டுங்க" என்றார். மாமா அதற்குப் பிறகு தோரணத்தைப் பற்றிப் பேசவில்லை.

ஆகவே பிளாஸ்டிக் வாங்கிய கையைக் குற்றம் சொல்லி இந்தக் கட்டுரையை எழுத முடியாது. அப்படியென்றால் என்னதான் குறைகிறது?

மணிமேகலையில் மலர்வனம் புக்க காதை நினைவுக்கு வருகிறது. இந்திர விழா நேரம். மணிமேகலை பூத்தொடுத்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் மாதவியும் வசந்தமாலையும் கோவலனுக்கும் கண்ணகிக்கும் நேர்ந்ததைப் பேசுவது காதில் விழுகிறது. கண்ணீர் மாலையில் சிந்துகிறது. அந்த மாலையின் தூய்மை போய்விட்டது, நீயே போய்ப் புதுப் பூ பறித்து வா என்கிறாள் மாதவி. அந்தக் கெட்டுப்போன மாலையிலிருந்துதான் காப்பியம் நகரத் தொடங்குகிறது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் படுவது இதுதான்: அந்த மாலையால் கெட்டுப்போக முடிந்தது. கட்டுகிறவளுக்கு அன்றைக்கு என்ன நடந்ததோ அது மாலைக்கும் நடந்தது. கையால் செய்வதில் இருக்கும் மதிப்பு திறமையோ அழகோ அல்ல, அந்த நாளில் ஒருவர் அங்கே இருந்தார் என்பதுதான் என்று நினைக்கிறேன். கடையில் எட்டு மாதத்துக்கு முன்பே பெட்டியில் வந்து இறங்கிய தோரணத்தின் மேல் யாருடைய கண்ணீரும் நிற்காது. துடைத்தால் போய்விடும்.

இரண்டாவது விஷயம், தோரணம் ஒரு செய்தி. பழந்தமிழ்ப் போர்முறையில் ஆநிரை கவரப் போனால் வெட்சி, மீட்கப் போனால் கரந்தை, வென்றால் வாகை. தலையில் இருக்கும் பூவைப் பார்த்தே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். தோரணமும் அப்படித்தான். நல்ல காரியத்துக்கும் சாவுக்கும் ஒரே குருத்தோலைதான். மடிப்பும் அது பார்க்கும் திசையும்தான் வேறு. தெரிந்தவர்கள் தெருமுனையிலிருந்தே படித்துவிடுவார்கள். செய்தி என்றால் அதற்கு ஒரு தொடக்கமும் முடிவும் வேண்டும். வருஷம் முழுக்க 'இன்று விசேஷம்' என்று சொல்லிக்கொண்டிருக்கும் வாசல் எதையுமே சொல்லவில்லை.

இது எனக்குப் புத்தகத்திலிருந்து தெரிந்ததல்ல. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்ச் மாத இரவில் எதிர்வீட்டுப் பெரியவர் மருத்துவமனையில் இறந்துபோனார். உடலைக் கொண்டுவரும் வண்டி கீழே நின்றுவிட்டது. லிஃப்டுக்குப் பக்கத்தில் ஆட்கள் கூடிவிட்டார்கள். அப்போதுதான் யாரோ ஒரு அக்கா வாசலைப் பார்த்து, "ஐயோ, அதக் கழட்டுங்கப்பா முதல்ல" என்றார். நிலையில் பச்சைப்பசேலென்று தோரணம், நடுவில் தங்க நிறத்தில் 'நல்வரவு'. "தம்பி, நீதான் உயரமா இருக்க" என்று என்னைக் கூப்பிட்டார்கள். நூலில் கட்டியிருந்தால் இழுத்தே அறுத்திருக்கலாம். கேபிள் டை போட்டு ஆணியில் இறுக்கியிருந்தது. வீட்டுக்கு ஓடிப்போய்க் கட்டர் எடுத்து வந்து நாற்காலியில் ஏறி வெட்டினேன். லிஃப்ட் கதவு திறந்தபோது தோரணம் என் கையில் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று எனக்கும் தெரியவில்லை, யாருக்கும் தெரியவில்லை. படிக்கட்டோரம் நின்ற ஒரு சைக்கிளின் மேல் போட்டுவிட்டு உடலைத் தூக்கக் கை கொடுக்கப் போனேன்.

ஓலையாக இருந்திருந்தால் நவம்பரிலேயே அது போயிருக்கும். வாசல் வெறுமையாக இருந்திருக்கும். சாவு வரும் நேரத்தில் ஒரு வீட்டுக்குத் தேவை அந்த வெறுமைதான்.

ஒரு வருஷம் அந்த வீட்டில் பண்டிகை இல்லை. அடுத்த வருஷம் தீபாவளிக்கு அதே தோரணம் அதே ஆணியில் ஏறியிருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அந்த அம்மா சொன்னார்: "அவரு வாங்கினதுப்பா. தூக்கிப்போட மனசு வரல."

இந்த ஒரு வாக்கியம் நான் இதுவரை சொன்னதை எல்லாம் ஆட்டிவைக்கிறது. பிளாஸ்டிக்கில் யாரும் இல்லை என்றேன். அந்தப் பிளாஸ்டிக்கில் அவருக்கு அவர் கணவர் இருக்கிறார். பலநாள் யோசித்து இப்படிப் பிரித்துக்கொண்டேன்: நினைவுப் பொருள் ஒரு வேலை செய்கிறது, தோரணம் வேறொரு வேலை செய்கிறது. நினைவுப் பொருள் போனவரைப் போகவிடாமல் பிடித்துவைக்கிறது, அது வாடக்கூடாது. தோரணம் வரும் நாளுக்கு வழிவிடுகிறது. வாடினால்தான் அது வழிவிட முடியும். இதை நான் அந்த அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். எல்லா உண்மையையும் எல்லா வாசலிலும் போய்ச் சொல்ல வேண்டியதில்லை.

பண்டிகை அலங்காரம் என்பதே காலத்தை எண்ணும் ஒரு கருவி என்பதற்கு வேறு இடத்திலும் சான்று இருக்கிறது. மால்களில் தொங்கும் வளையத்தின் நெருங்கிய உறவான திருவருகைக் கால வளையத்தை 1839இல் ஹாம்பர்க்கில் தொடங்கிவைத்தவர் யோஹான் ஹின்ரிஹ் விஹெர்ன் என்ற பாதிரியார். ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லம் நடத்தியவர். கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருந்ததால் பழைய வண்டிச் சக்கரம் ஒன்றில் மெழுகுவத்திகளைப் பொருத்தினார் என்பார்கள். வாரநாளுக்குச் சின்னது, ஞாயிற்றுக்கிழமைக்குப் பெரியது. தினம் ஒன்று கூடுதலாக எரியும். எரிந்து தீர்வதுதான் அதன் பயன். நம் குருத்தோலைக்கே இன்னொரு வாழ்வும் உண்டு. குருத்தோலை ஞாயிறன்று கத்தோலிக்கத் தேவாலயத்தில் மந்திரித்துக் கொடுக்கும் ஓலையை வீட்டில் வைத்திருந்து, அடுத்த ஆண்டு திரும்பக் கொடுத்து எரிப்பார்கள். அந்தச் சாம்பல்தான் திருநீற்றுப் புதனன்று நெற்றியில் படும். அலங்காரத்தைக் கட்டுவதற்கு மட்டுமல்ல, அதை முடித்துவைப்பதற்கும் அங்கே ஒரு சடங்கு இருக்கிறது. நம்மிடம் கட்டும் நேரம் இருக்கிறது. அவிழ்க்கும் நேரத்தை வாடுதல்தான் நமக்காக நினைவூட்டிக்கொண்டிருந்தது. வாடுவதை நிறுத்தியதும் அவிழ்ப்பதும் நின்றுவிட்டது.

ஆகவே என் கேள்வி ஓலையா பிளாஸ்டிக்கா என்பதிலிருந்து நகர்ந்துவிட்டது. யார் கட்டுவது, யார் அவிழ்ப்பது என்பதே இப்போது கேள்வி. வாடும் தோரணம்தான் வேண்டும் என்று எனக்கு ஒரு கொள்கை இருந்தால், அதன் உழைப்பு என் கணக்கில்தான் வர வேண்டும். அடுத்தவர் மணிக்கட்டில் அந்தக் கொள்கையை ஏற்றிவைக்க எனக்கு உரிமையில்லை. பாரம்பரியம் பற்றி நம்மவர்கள் பேசும் பல பேச்சுகளை இந்த ஒரு சோதனையில் போட்டுப் பார்க்கலாம்: சொல்கிறவர் கையில் நார் இருக்கிறதா?

எங்கள் வீட்டில் தோரணம் கட்டுவது இப்போது என் வேலை. முன்தினம் கிள்ளானில் மாவிலையும் ஒரே ஒரு குருத்தும் வாங்குவேன். ஒரு மாத மர உழைப்பு என்று தெரிந்த பிறகு இரண்டாவது குருத்து கேட்க வாய் வருவதில்லை. யூடியூபில் பார்த்துக் கற்ற மடிப்பு. ஒரு பக்கம் எப்போதும் கொஞ்சம் இறங்கியே இருக்கும். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, "இடது பக்கம் தூக்கு... இன்னும்... சரி விடு" என்பார். நாலாம் நாள் காலை வேலைக்குக் கிளம்பும் முன் நானே அவிழ்த்துக் கீழே கொண்டுபோய், தாமான் பூங்காவில் உள்ள மரத்தடியில் போட்டுவிட்டுப் போகிறேன். அம்மா வாங்கிய பிளாஸ்டிக் தோரணம் அலமாரி மேல் பத்திரமாக இருக்கிறது. நான் வெளியூரில் வேலையாக மாட்டிக்கொள்ளும் வருஷத்துக்கு அது வேண்டும் என்கிறார் அம்மா. அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. கேபிள் டை மட்டும் போட வேண்டாம், நூலில் கட்டுங்கள் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.