வாடகை வீடும் கள்ளாமை விரதமும்

முனிவர்க்கு நிலையான உறைவிடம் இல்லை. மழைக்காலம் நீங்கலாக அவர்கள் ஊர்தோறும் செல்வர். இல்லறத்தார்க்கோ இருப்பிடம் இன்றியமையாதது. ஆதலின் பிறர் வீட்டில் குடியிருப்பதும், தம் வீட்டில் பிறரைக் குடிவைப்பதும் அறத்தோடு தொடர்புடைய செயல்களே. அவற்றைப் பணம் கொடுத்து வாங்கும் செயலாக மட்டும் கருதுதல் பொருந்தாது.

கணியம்பாடி, ஆரணி, போளூர், வந்தவாசிப் பகுதிகளிலிருந்து நம் பிள்ளைகள் பலர் பணியின் பொருட்டுச் சென்னைக்குச் செல்கின்றனர். அவர்களுள் சிலர் மயிலாப்பூர், திருவல்லிக்கேணி போன்ற கடலோரப் பகுதிகளில் வீடு தேடுகின்றனர். கடற்காற்று ஒரு காரணம். பணியிடம் அருகில் இருந்தால் கதிர் மறையுமுன் வீடு சேர்ந்து இரவுண்ணாமையைக் காக்கலாம் என்பது மற்றொரு காரணம். மயிலையில் எழுந்தருளியிருந்த நேமிநாதர் திருவுருவம் கடல்கோளுக்கு அஞ்சி மேல்சித்தாமூருக்குக் கொண்டுசெல்லப்பட்டது என்னும் மரபுச் செய்தியை அறிந்த நமக்கு, அக்கடற்கரையின்பால் தனிப்பற்று எழுவதும் இயல்பே.

என் உறவுப் பெண் ஒருத்திக்கு அங்கே நல்லதொரு வீடு அமையவிருந்தது. முன்பணம் பேசி முடிக்கும் வேளையில், வீட்டு உரிமையாளர், “நீங்கள் சைவ உணவினர். உங்களுக்காகவே இப்போது இருப்பவர்களைக் காலி செய்யச் சொல்லிவிட்டேன்” என்றாராம். அங்கு இருந்தது ஒரு மீனவக் குடும்பம். அவர்களுடைய உடன்படிக்கை முடிய இன்னும் ஐந்து மாதங்கள் இருந்தன. அவ்வீட்டை அவள் ஏற்கலாமா என்று என்னைக் கேட்டாள்.

முதலில் சட்டம் கூறுவதைக் காண்போம். 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்திற்கு மாற்றாக வந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம், 22-2-2019 முதல் நடைமுறையில் உள்ளது. இதன்படி வாடகை உடன்படிக்கை எழுத்தில் அமைந்து, வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்யப்பெறல் வேண்டும். வேறு உடன்பாடு இல்லையெனில் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது. குடிநீர், மின்சாரம் ஆகியவற்றை நிறுத்திக் குடியிருப்பவரைத் துன்புறுத்தலாகாது. உடன்படிக்கைக் காலத்திற்குள், சட்டம் குறிக்கும் காரணங்களுள் ஒன்றும், வாடகை நீதிமன்றத்தின் ஆணையும் இன்றி வெளியேற்றலும் ஆகாது.

இனி நம் அறநூல் கூறுவது. கள்ளாமை விரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைத் தத்துவார்த்த சூத்திரம் கூறுகிறது. பிறர் கவர்ந்து வந்த பொருளை ஏற்றுக்கொள்ளுதல் அவற்றுள் ஒன்று. அரசின் விதியை மீறி நடத்தல் மற்றொன்று. ஒருவருக்குரிய ஐந்து மாத வாழ்விடத்தை முறையின்றிப் பறித்து நமக்குத் தருவாராயின், அதைப் பெறுவது இவ்விரண்டிற்கும் உட்படாதோ?

“பறித்தவர் உரிமையாளர் அன்றோ? நமக்கு என்ன பழி?” என்பர் சிலர். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என வினை மூவகையாலும் வந்து சேரும் என்பதை நாம் சிறு வயது முதலே கற்றிருக்கிறோம். அறிந்த பின் சாவியை வாங்குதல் உடன்படுதலேயாகும். “நாம் மறுத்தால் வேறொருவர் வருவார்” என்பதும் விடையாகாது. வேறொருவர் செய்யும் வினை அவரைச் சேரும். நம் வினை நம்மைச் சேரும்.

“புலால் உண்ணாதார் சூழ்ந்த இடம் நம் விரதத்திற்குத் துணையன்றோ?” என்பது சற்று வலிய வினா. துணைதான். ஆயினும் விரதம் அதனை ஏற்றவரையே கட்டும். நம் அடுக்களையைத் தூயதாக வைத்திருக்கும் பொறுப்பு நம்முடையது. அதன் பொருட்டு அண்டை வீட்டாரைத் தெருவில் நிறுத்தும் உரிமை நமக்கு இல்லை. உயிரினத்தின்பால் கொண்ட அருள், பெட்டி படுக்கையுடன் வேறு வீடு தேடி அலையும் குழந்தைகளிடத்தில் மட்டும் இல்லாமற் போவது முறையன்று.

அறம் குடியிருப்போர்க்கும் உண்டு. பழைய சட்டத்தின் காப்பினைக் கொண்டு, மிகச் சிறு வாடகையில் பல்லாண்டுகள் இருந்து, உரிமையாளர் தம் தேவைக்குக் கேட்டபோதும் வழக்காடிக் காலம் கடத்தியோர் உண்டு. வீட்டு வாடகையையே நம்பி வாழ்ந்த முதியோர் அதனால் நலிந்தனர். அதுவும் கள்ளாமைக்கு மாறானதே. மிகுபொருள் விரும்பாமை விரதத்திற்கு வரம்பு கூறுமிடத்தில் நிலமும் வீடும் முதலில் எண்ணப்படுகின்றன. எனவே தன் வீட்டின்மீது உரிமையாளர் கொள்ளும் மிகுபற்றும், தனதல்லாத வீட்டின்மீது குடியிருப்பவர் கொள்ளும் பற்றும் ஒருசேர அடக்கத்தக்கன.

அப்பெண் அவ்வீட்டை மறுத்து, மகளிர் விடுதியில் இருந்து வருகிறாள். பணியிடத்திலிருந்து அது தொலைவாதலின் மாலை உணவை அலுவலகத்திலேயே கதிர் மறையுமுன் முடித்துக்கொள்கிறாள். இடர் உண்டு; எனினும் இரண்டு விரதங்களும் நிற்கின்றன.

நம்முள் வீடு உடையோர் உடன்படிக்கையை எழுதிப் பதிவு செய்க. முன்பணத்தைக் குறைவின்றித் திருப்பித் தருக. வீடு தேடுவோர் வாடகையையும் வசதியையும் கேட்பதோடு, “இப்போது இருப்பவர் தம் காலம் முடிந்து செல்கிறாரா?” என்றும் கேட்டறிக. இவ்வொரு வினாவைக் கேட்பது நம் இல்லங்களில் வழக்கமாதல் வேண்டும்.