பத்து இலட்சத்தில் ஒன்று

பல்லாயிரம் பிள்ளைகளைக் காக்கும் தடுப்பூசி, எங்கோ ஒரு பிள்ளைக்கு இடர் விளைக்கிறது. அந்த உண்மையை ஊரார்க்கு உரைப்பதா, மறைப்பதா? 'மறைத்துவிடுக! சொன்னால் மக்கள் மிரளுவர்; ஊசியே வேண்டாம் என்று ஓடுவர்' என்பார் உளர். நல்லெண்ணத்தில் பிறந்த சொல்தான். எனினும், நேர்மையில் பிறந்ததா?

அம்மை நோயை ஆத்தாளின் சினம் என்றெண்ணி, வாயிலில் வேப்பிலை செருகி, மருத்துவனை வெளியே நிறுத்திய நாடு இது. அந்த மடமையை வென்றது மந்திரமன்று, மருத்துவம்! பெரியம்மை உலகினின்றும் ஒழிந்தது என 1980-இல் அறிவிக்கப்பட்டது. ஆனால், ஆத்தாளை இறக்கிய பீடத்தில் ஊசியை ஏற்றி வைப்பதா பகுத்தறிவு? கேள்வி கேட்கக் கூடாது என்றால், பூசாரிக்கும் நமக்கும் என்ன வேறுபாடு?

உண்மை யாது? உயிருக்கு ஊறு செய்யும் கடும் ஒவ்வாமை, பத்து இலட்சம் ஊசிக்கு ஏறத்தாழ ஒன்று என்ற அளவிலேயே நேர்கிறது என்று அமெரிக்க ஆய்வு காட்டுகிறது. தோலில் தடிப்பு, மூச்சுத் திணறல், இரத்த அழுத்த வீழ்ச்சி — பெரும்பாலும் சில நிமிடங்களில் தோன்றும். அதற்கும் மருந்துண்டு, அட்ரீனலின்! தொடையின் வெளிப்புறத் தசையில் உடனே செலுத்தினால், பிள்ளை பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். காலத்தாழ்வே கேடு.

ஊசி போட்டபின் அரைமணி நேரம் அங்கேயே இருக்கச் சொல்வது இதற்காகத்தான். காரணம் கூறாத கட்டளையைத் தாய் ஏன் மதிப்பாள்? 'வேலை கிடக்கிறது' என்று புறப்படுவாள். மறைக்கப்பட்ட உண்மை, மருந்து எட்டாத தொலைவுக்குப் பிள்ளையைக் கொண்டு போய்விடும்!

ஜப்பானைப் பாருங்கள். அங்கே 1990-களில், ஊசி போட்ட பிள்ளைகள் சிலருக்கு ஒவ்வாமை கண்டது. 'ஊழ்' என்று ஒதுக்கினரா? ஒளித்தனரா? இல்லை, ஆராய்ந்தனர். மருந்து கெடாதிருக்கச் சேர்த்த ஜெலட்டினே பலருக்குக் காரணம் எனக் கண்டனர், நீக்கினர், ஒவ்வாமை குறைந்தது. ஐயத்தை அடக்கியிருந்தால் இது நடந்திருக்குமா?

பத்து இலட்சத்தில் ஒன்று — கணக்கனுக்கு அது புள்ளி; ஈன்றவளுக்கு அதுவே உலகு. ஊர் வாழ ஒரு பிள்ளையைப் பலியிடுவது பழைய வழக்கம். ஊரும் வாழ வேண்டும், அந்த ஒரு பிள்ளையும் வாழ வேண்டும் என்பதே புதிய அறம். ஆகவே ஊசி போடுங்கள், தவறாமல்! உண்மையைச் சொல்லுங்கள், தயங்காமல்! ஊசி போடும் இடந்தோறும் அட்ரீனலின் இருக்கட்டும்; அதைச் செலுத்தத் தெரிந்த கை, அருகிலேயே இருக்கட்டும்!