காணிகள் தந்த மலைப்பழம்

திருவனந்தபுரம் மாவட்டத்தில், தமிழர் பொதிகை என்று போற்றும் அகத்தியர்கூடத்தின் சரிவுகளில், மரநிழலில் ஒரு குறுஞ்செடி வளர்கிறது. காணிப் பழங்குடியினர் அதைச் சாத்தான் களஞ்சை என்பார்கள். இன்று ஆரோக்கியப்பச்சை என்றால் பலருக்கும் தெரியும்.

1987 டிசம்பரில், அகில இந்திய ஒருங்கிணைந்த இன உயிரியல் ஆய்வுத் திட்டத்தைச் சேர்ந்த குழு ஒன்று, புஷ்பாங்கதன் தலைமையில் இம்மலை ஏறியது. வழிகாட்டிகள் காணி இளைஞர்கள். ஏற்றத்தில் ஆய்வாளர்கள் மூச்சுவாங்கி உட்கார, வழிகாட்டிகளிடம் களைப்பே தெரியவில்லை. அவர்கள் நடுநடுவே சிறு பழங்களை வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தார்கள். ஆய்வாளர்களுக்கும் கொடுத்தார்கள். தின்றவர்களுக்கு அலுப்பு நீங்கிப் புதுத்தெம்பு வந்தது.

பழத்தைத் தந்தவர்கள் செடியை மட்டும் காட்டவில்லை. வெளியாருக்குச் சொல்லக் கூடாத குலத்து அறிவு அது. தவறாகப் பயன்படுத்த மாட்டோம் என்று ஆய்வாளர்கள் உறுதி கூறிய பிறகே காட்டினார்கள். காட்டில் எந்தப் பழத்தைத் தின்னலாம், எதைத் தொடக் கூடாது என்ற தெளிவு பல தலைமுறை வாழ்ந்து பார்த்துச் சேர்ந்தது. அதை ஆய்வகத்து அறிவுக்கு ஒரு படி கீழே வைப்பது நியாயமல்ல.

பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரப் பூங்கா ஆராய்ச்சி நிலையம் இச்செடியைத் தொடர்ந்து ஆராய்ந்தது. மருந்துக்கு இலையே போதும் என்று கண்டதால் செடியை வேரோடு பிடுங்க வேண்டியிருக்கவில்லை. இலையோடு அசுவகந்தா, திப்பிலி, விஷ்ணுக்கிராந்தி சேர்த்து ‘ஜீவனி’ என்ற மருந்து உருவானது. 1995-இல் கோவை ஆர்ய வைத்திய பார்மஸிக்கு அதைத் தயாரிக்கும் உரிமை வழங்கப்பட்டது. உரிமக் கட்டணம் 10 லட்சம் ரூபாய். விற்பனையில் 2 விழுக்காடு உரிமத்தொகை. இரண்டிலும் பாதி காணிகளுக்கு என்று நிலையம் முடிவு செய்தது. அப்படிப் பங்கிடச் சொல்லும் சட்டம் எதுவும் அன்று இந்தியாவில் இல்லை. உயிரியல் பன்முகச் சட்டம் வந்தது 2002-இல். ஆகவே அந்த முடிவு பெரிது.

பணத்தைப் பெறக் காணிகள் 1997-இல் தங்களுக்கென ஓர் அறக்கட்டளையைப் பதிவு செய்தார்கள். 1999-இல் 5 லட்சத்துக்கு மேற்பட்ட தொகை அதன் கணக்கில் சேர்ந்தது. ஆனால் எல்லாக் காணிகளும் இதை ஏற்கவில்லை. குல வைத்தியர்களான பிலாத்திகள் சிலர், இந்த அறிவு விலைக்குரியதல்ல என்று எதிர்த்தார்கள். அவர்களைக் கேட்டுவிட்டுத் தொடங்கியிருக்க வேண்டும்.

இலைக்கும் தட்டுப்பாடு வந்தது. இயல்பான காட்டு நிழலில்தான் செடிக்கு முழுக் குணம் உண்டு. காட்டுச்செடிகள் அழிந்துவிடும் என்று அஞ்சிய வனத்துறையோ இலை பறிக்க அனுமதி தரத் தயங்கியது. அறிவுக்குப் பங்கு பெற்ற காணிகளுக்கு, தங்கள் மலையின் இலையைப் பறித்து விற்க வழியில்லாமல் போயிற்று. சிறு வனப்பொருள்களைச் சேகரிக்கவும் விற்கவும் காட்டுவாழ் பழங்குடியினருக்கு உரிமை உண்டு என்று சட்டம் எழுதப்பட்டது 2006-இல்தான்.