துளையும் எண்ணமும்

தேர்தல் கடமைக்குப் போகாத அரசாங்க ஆசிரியர் நமது நாட்டில் அருமை. நானும் வாக்கெண்ணும் நிலையங்களில் சில இரவுகள் கண்விழித்திருக்கிறேன். நிராகரிக்கப்பட்ட வாக்குச்சீட்டுகளை வேறாகக் கட்டிவைக்கும் வேளையில், "ஒழுங்காக ஒரு புள்ளடி போடத் தெரியாதவர் எதற்காக வரிசையில் நிற்கவேண்டும்?" என்று பக்கத்திலிருந்த நண்பரிடம் ஒருமுறை சொன்னேன். அவரும் சிரித்தார். அந்தப் பேச்சை நான் இப்போது வாபஸ் பெறவேண்டியவனாக இருக்கிறேன். அதற்குக் காரணம் நமது சீட்டு அல்ல. 2000 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் பாவிக்கப்பட்ட ஓர் அட்டை.

அவ்வருடம் நவம்பர் 7 ஆந் திகதி நடந்த ஜனாதிபதித் தேர்தலின் முடிவு புளோரிடாவில் வந்து சிக்கிக்கொண்டதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். சுமார் அறுபது இலட்சம் வாக்குகள் விழுந்த அம்மாநிலத்தில் ஜோர்ஜ் புஷ் 537 வாக்குகளால் வென்றதாக அறிவிக்கப்பட்டது. பெரியவர்களும் சட்டத்தரணிகளும் மோதிக்கொண்ட கதை நிறைய எழுதப்பட்டுவிட்டது. நான் யோசிப்பது பாம் பீச் என்ற நிர்வாகப் பிரிவில் வாக்களித்த சாதாரண சனங்களைப் பற்றி.

அங்கே பேனைக்கு வேலையில்லை. அட்டையை ஒரு கருவிக்குள் செருகி, அதன் மேலுள்ள பெயர்ப் புத்தகத்தைப் பார்த்து, கூரான ஊசி போன்ற ஒன்றினால் உரிய இடத்தில் குத்தவேண்டும். அம்முறை ஜனாதிபதிப் பதவிக்குப் பத்துப் பேர் போட்டியிட்டார்கள். எல்லோரையும் ஒரே பக்கத்தில் அச்சிட்டால் எழுத்துச் சிறுத்துவிடும்; அப்பகுதியிலோ வயோதிபர்கள் அதிகம். ஆகவே தேர்தல் பொறுப்பதிகாரி பெயர்களை இடமும் வலமுமாக இரு பக்கங்களில் பெரிய எழுத்தில் போட்டு, துளைகளை நடுவே ஒரே நிரலில் வைத்தார். பின்னாளில் 'வண்ணத்துப்பூச்சிச் சீட்டு' என்று பெயர்பெற்றது இதுதான். இடப்பக்கத்தில் முதலாவது புஷ், இரண்டாவது அல் கோர். ஆனால் நடுவிலிருந்த இரண்டாவது துளை கோருக்குரியதல்ல. அது வலப்பக்கத்தின் முதலாவது பெயரான பற்றிக் புக்கனனுக்குரியது. கோருக்கு மூன்றாவது துளை. அம்புக்குறிகள் இருந்தன. மாதிரிச் சீட்டுகள் முன்கூட்டியே தபாலில் அனுப்பப்பட்டும் இருந்தன.

அப்படியிருந்தும் புக்கனனுக்கு அங்கே 3,400 வாக்குகள் வரை விழுந்தன. யூத முதியவர்கள் கணிசமாக வாழும் இடம் அது. தமது பேச்சுக்களால் யூதர்களின் வெறுப்பைச் சம்பாதித்திருந்தவர் புக்கனன். தமக்கு உரித்தில்லாத வாக்குகள் அங்கே தமக்கு விழுந்திருக்கலாம் என்று அவரே தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்டார். இதைவிட, 19,000 க்கும் அதிகமான அட்டைகளில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட துளைகள் இருந்து அவை செல்லுபடியற்றுப் போயின. அவற்றுள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவற்றில் கோரும் புக்கனனும் சேர்ந்தே குத்தப்பட்டிருந்தார்கள். வெற்றி வித்தியாசமோ வெறும் 537.

சிலருக்கு வாசலைத் தாண்டும்போதே சந்தேகம் வந்தது. சிலருக்கு வீட்டிலே தொலைக்காட்சிச் செய்தியைக் கேட்டபோதுதான் நெஞ்சு திடுக்கிட்டது. தாம் வாழ்நாளெல்லாம் அருவருத்த ஒருவருக்குத் தமது கையாலேயே வாக்களித்துவிட்டோமா என்று அழுத மூதாட்டிகள் இருந்தார்கள். பலர் சத்தியக் கடதாசி முடித்துக் கொடுத்தார்கள். அதனால் என்ன பயன்? அட்டையில் பெயரில்லை. எந்த அட்டை யாருடையது என்று எவராலும் சொல்லமுடியாது. சொல்ல முடியாதிருக்க வேண்டும் என்பதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். பலம் படைத்தவனிடமிருந்து வாக்காளனைக் காப்பாற்றும் இரகசியமே, "அது என்னுடையது, நான் நினைத்தது வேறு" என்று சொல்லும் வாயையும் அடைத்துவிடுகிறது. இதை நான் அதற்கு முன் யோசித்ததேயில்லை. மறுவாக்களிப்புக் கேட்டுத் தொடுத்த வழக்கையும் மாநில உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

"வாசித்துப் பார்த்துக் குத்தியிருக்கலாமே, யாரும் கையைப் பிடித்தார்களா?" என்று அங்கே கேட்டவர்கள் ஏராளம். பரிகசித்தவர்களும் உண்டு. முதலில் நானும் அந்தக் கட்சிதான். வினாவை விளங்கிக்கொள்வதும் விடையின் ஒரு பகுதி என்று ஆசிரியர் கலாசாலையில் படித்து வந்தவன் அல்லவா?

ஒரு தவணைப் பரீட்சையில் தரம் எட்டு மாணவன் ஒருவன் பல்தேர்வு வினாக்களில் ஒன்றை விட்டுவிட்டு, அதற்கடுத்த விடைகளையெல்லாம் ஒரு வரி மேலே தள்ளிக் குறித்திருந்தான். நாற்பதுக்கு ஆறு வந்தது. "சேர், ஒரு வரி தள்ளிப் பாருங்களேன்" என்று விடைத்தாளுடன் வந்து நின்றான். பார்த்தேன். முப்பதைத் தாண்டியது. ஆனாலும் புள்ளியை நான் மாற்றவில்லை. தாளில் இருப்பதற்குத்தான் புள்ளி, தலையில் இருப்பதற்கில்லை என்றேன். அவன் அழவில்லை, தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனான். நான் செய்தது நீதியென்று நெடுங்காலம் நம்பியிருந்தேன். வந்து கேட்பதற்காவது அவனுக்கு ஒரு வாய்ப்பிருந்தது என்பதும், கேட்ட பிறகும் நான் மறுத்தேன் என்பதும் பாம் பீச் மூதாட்டிகளைப் பற்றி வாசித்தபோதுதான் உறைத்தது.

நாம் நிய்யத் என்று சொல்வதைப் புளோரிடாச் சட்டம் புறக்கணித்திருக்கவில்லை. வாக்காளரின் எண்ணம் தெளிவாகத் தெரியுமானால் அந்த வாக்கைச் செல்லாது எனத் தள்ளக்கூடாது என்று அதில் இருந்தது. அருமையான சட்டம். ஆனால் எண்ணத்தை எப்படிப் பார்ப்பது? இயந்திரம் கணக்கிலெடுக்காத அட்டைகளை அதிகாரிகள் வெளிச்சத்துக்கு நேரே உயர்த்திப் பார்த்தார்கள். ஒருவர் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு கண்ணைப் பிதுக்கிக்கொண்டிருந்த படம் உலகமெங்கும் வந்தது. துளையிலிருந்து முற்றாக விழாமல் ஒரு மூலையில் தொங்கும் கடதாசித் துணுக்கு வாக்கா? துணுக்கு அசையவேயில்லை, ஒரு பள்ளம் மட்டும் தெரிகிறது. அது வாக்கா, அல்லது குத்தப் போய் மனம் மாறியவரின் தயக்கமா? ஓரிடத்தில் ஏற்றது மற்றோரிடத்தில் ஏற்கப்படவில்லை. பாம் பீச்சிலேயே எண்ணிக்கொண்டிருக்கும்போது அளவுகோல் மாறியது. இப்படி ஆளுக்கொரு விதமாக எண்ணுவது சமத்துவமல்ல என்று டிசம்பர் 12 இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் கண்டது. ஆனால் பொதுவான ஓர் அளவுகோலை வகுத்து எண்ணி முடிக்க இனி நேரமில்லை என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் எண்ணிக்கையையே நிறுத்திவிட்டது. பிந்தியதை என்னால் ஏற்கமுடியவில்லை. முந்தியதை மறுக்கவும் முடியவில்லை. எண்ணத்தை வாசிக்கும் அதிகாரம் ஒருவர் கைக்குப் போனால், அவர் வாசிப்பது வாக்காளரின் எண்ணமா, தம்முடைய எண்ணமா?

இந்தச் சிக்கலில் என்னை அதிகம் தொந்தரவு செய்வது அந்தப் பொறுப்பதிகாரி. பலர் அவரைத் திட்டித் தீர்த்தார்கள். அவர் எழுத்தைப் பெரிதாக்கியது கண் மங்கியவர்களுக்காக. எண்ணம் நல்லது, அட்டை பிழைத்துவிட்டது. மூதாட்டிகளின் நிலையும் அதுவேதான். அவர்களைத் துளையை வைத்துத் தீர்ப்பளித்துவிட்டு, அதிகாரியை மட்டும் எண்ணத்தை வைத்து மன்னிப்பது நியாயமா? ஒரு வித்தியாசம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். அவருக்கு யோசிக்கவும் மற்றவர்களிடம் காட்டவும் அவகாசமிருந்தது. மூதாட்டிக்கு மறைப்புக்குள்ளே சில நிமிடங்கள், பின்னால் ஒரு வரிசை. தாளைத் தயாரிப்பவனுக்குக் கூடுதல் பொறுப்பு உண்டு என்று நான் சொல்லும்போது, விடைகளுக்கு அத்தனை நெருக்கமாகக் கோடு போட்டுக் கொடுத்தவன் நான்தான் என்பதும் ஞாபகத்துக்கு வருகிறது.

துளை அட்டைகளை ஒழிப்பதற்கு அந்நாடு 2002 இல் சட்டம் கொண்டுவந்து பணமும் ஒதுக்கியது. பிரச்சினை தீர்ந்ததா? 2017 இல் வெர்ஜீனியா மாநிலச் சபைக்கான 94 ஆம் தொகுதித் தேர்தலில், மீள எண்ணியபோது ஷெலி சைமன்ஸ் ஒரேயொரு வாக்கினால் வென்றிருந்தார். மறுநாள் மூன்று நீதிபதிகளின் முன்னால் ஒரு சீட்டு வந்தது. அதில் அவருடைய வட்டமும் எதிராளியான டேவிட் யான்சியின் வட்டமும் நிரப்பப்பட்டிருந்தன. சைமன்ஸின் வட்டத்தின் மேல் ஒரு கோடு. அதே கை வேறொரு பதவிக்குத் தான் நிரப்பிய குடியரசுக் கட்சி வட்டத்தின் மீதும் புள்ளடி போட்டிருந்தது. அப்படியானால் கோடு என்பது வெட்டா, அழுத்தமா? நீதிபதிகள் அதை யான்சிக்குரிய வாக்கு என்றார்கள். இருவருக்கும் 11,608 ஆகிச் சமநிலை வந்தது. 2018 ஜனவரி 4 இல் இரு பெயர்களையும் புகைப்படச் சுருள் டப்பிகளுக்குள் போட்டு, ஒரு மட்கிண்ணத்திலிருந்து குலுக்கி எடுத்தார்கள். யான்சியின் பெயர் வந்தது. சபையின் பெரும்பான்மையும் அந்தச் சீட்டோடு அவரது கட்சிக்கே நின்றது.

அந்தச் சீட்டின் படம் பத்திரிகைகளில் வந்தது. அதை எழுதியவர் நியூபோர்ட் நியூஸ் பகுதியில் எங்கேயோ ஒரு வீட்டிலிருந்து, காலைத் தேநீரோடு தமது கோட்டைத் தாமே பார்த்திருக்கக்கூடும். "அது என்னுடையது, நான் நினைத்தது இதுதான்" என்று அவர் எங்கே போய்ச் சொல்வார்? சொன்னாலும் யார் கேட்பது? வாக்கெண்ணும் நிலையத்தில் நான் கட்டி ஓரமாக வைத்த சீட்டுகளை எழுதியவர்களுக்கு, தமது சீட்டு அந்தக் கட்டுக்குள் கிடந்தது என்பதே தெரியாது.