கவலைக்கு மது மருந்தாமோ?

கடன்சுமையும் மனச்சுமையுந் தாங்காது மாலையில் மதுவை நாடுவாரை நாம் இகழ்தல் தகாது. அவர் வேண்டுவது சிறிது இளைப்பாறுதலே. ஆயின், மது முன்னிரவில் உறக்கந் தந்தாற்போற் காட்டிப் பின்னிரவில் அதனைக் கலைக்கும். விடியலிற் கவலையை மிகுவிக்கும்.

சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பென்பது நஞ் சித்தாந்தத் துணிபு. பற்றுக்கோடின்றி உயிர் நில்லாது. ஆதலின், ‘விடுக’ என்றல் மட்டும் அமையாது. வேறு சார்பு காட்டல் வேண்டும். கள்ளுண்ணாமை கூறிய திருமூலரும் ஆனந்தத் தேறலைக் காட்டியே அதனை விலக்கினார். மாலையில் திருக்கோயில் வலம்வருதல், நண்பரொடு மனம்விட்டுரைத்தல், ஐந்தெழுத்தெண்ணி மூச்சை மெல்ல விடுதல் என்பன அத்தகு சார்புகளாம்.

நெடுநாள் மிகக் குடித்தார் திடுமென நிறுத்தின் நடுக்கமும் வலிப்பும் நேர்தலுண்டு. அவர் மருத்துவர் துணைக்கொண்டே விடுக. அத்தகையார் ஒருவர்க்கேனும் இன்று மாலை நாம் வழித்துணையாய் உடன் நடப்போமாக.

திருச்சிற்றம்பலம்.