பட்டா கேட்காத தண்ணீர்

மனிதன் எழுதிய சட்டத்தில் விலக்கு உண்டு, வாய்தா உண்டு, மேல்முறையீடும் உண்டு. இயற்கையின் விதியில் இவை எதுவும் கிடையாது. ஏரி நிலத்தை வீட்டுமனை என்று காகிதத்தில் மாற்றிவிடலாம். பத்திரம் பதிவாகும், வரி ரசீதும் வரும். தண்ணீர் பள்ளம் தேடித்தான் ஓடும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் அப்படித்தான் ஓடியது. அனுமதி பெற்ற வீடா, பெறாத வீடா என்று பார்க்கவில்லை.

இயற்கை பழிவாங்குகிறது என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அதற்குக் கோபமும் இல்லை, கருணையும் இல்லை. அதனால்தான் ஏரியைத் தூர்த்தவர் ஒருவர், வெள்ளத்தில் உடைமை இழப்பவர் வேறொருவர், பெரும்பாலும் ஓர் ஏழை, என்றாகிறது. அந்த ஏழைக்காகத்தான் மனிதச் சட்டம் வேண்டும், இயற்கையின் விதியை அறிந்து எழுதிய சட்டமாக.

அப்படிச் சட்டம் எழுதுவது நடக்காத காரியம் அல்ல. குளோரின் அணு ஓசோனை எப்படிச் சிதைக்கிறது என்று அறிவியல் சொன்னதைக் கேட்டு, 1987-இல் மான்ட்ரியலில் உலக நாடுகள் உடன்படிக்கை செய்தன. குளிர்பதனப் பெட்டிகளில் இருந்த, குளோரின் அடங்கிய வாயுக்கள் படிப்படியாக நிறுத்தப்பட்டன. ஓசோன் படலம் இப்போது மெல்ல மீண்டு வருகிறது.