சாமி கூட்டிட்டுப் போயிட்டார்னு குழந்தைகிட்ட சொல்லலாமா?



போன மாசம் நாகூரில் எங்கள் தெருவில் ஒருவர் இறந்துவிட்டார். அவர் மகனுக்கு ஆறு வயது. "அப்பா எங்க?" என்று கேட்ட பையனிடம், துக்கத்துக்கு வந்த ஒரு பாட்டி, "அப்பாவை முருகன் தன்கிட்டயே கூட்டிட்டுப் போயிட்டார்டா கண்ணு" என்றார். பாசத்தில் சொன்னதுதான். ஆனா மறுநாள் திருநீறு பூச வந்தவரின் கையைப் பையன் தட்டிவிட்டான். "அவரு அம்மாவையும் கூட்டிட்டுப் போயிடுவாரு!"

அன்றிலிருந்து எனக்கு ஒரே யோசனை. ஒரு குழந்தையின் அழுகையை நிறுத்த நாம முருகன் பேரைப் பயன்படுத்தலாமா?

குழந்தைகள் நாம சொல்வதை அப்படியே எடுத்துக்கும். "தூங்குறாங்க"ன்னு சொன்னா, தூங்கவே பயப்படும். "ஊருக்குப் போயிருக்காங்க"ன்னு சொன்னா, வாசலைப் பார்த்துக்கிட்டே இருக்கும். "சாமி எடுத்துக்கிட்டார்"ன்னு சொன்னா, சாமியைக் கண்டு நடுங்கும்.

"அப்போ இறைவன் திருவடி சேர்ந்தார்னு சொல்றது பொய்யா?" என்று கேட்கலாம். இல்லை. அது பெரியவர்களின் நம்பிக்கை, ஆறுதல். ஆனா "சேர்ந்தார்" வேற, "பறிச்சுக்கிட்டார்" வேற. குழந்தைக்கு முதலில் உண்மை வேணும், நம்பிக்கை அதுக்கு அப்புறம்தான்.

நம்ம கடற்கரைக்கு இது தெரியும். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். நாகூர் தர்கா நிலத்தில் மதம் பார்க்காமல் உடல்கள் அடக்கம் செய்யப்பட்டன. அதே ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். அந்தப் பெற்றோரிடம் போய் "எல்லாம் கர்மா"ன்னு சொல்ல யாருக்கு வாய் வரும்? அப்படின்னா பக்கத்து வீட்டுத் துக்கத்தில் மட்டும் ஏன் அவ்வளவு சுலபமா சொல்லிடுறோம்?

சுனாமியில் பெற்றோரை இழந்த பிள்ளைகள் பலர் நாகப்பட்டினம் அன்னை சத்யா அரசுக் காப்பகத்தில் வளர்ந்தார்கள். அவர்களை வளர்த்தது பெறாத கைகள். நம்ம கந்தனையும் பெறாத ஆறு கார்த்திகைப் பெண்கள்தானே வளர்த்தார்கள்? துக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு முதலில் வேண்டியது விளக்கம் இல்லை, ஒரு மடி.

சிக்கலில் வேல் வாங்கும் நாளில் சிங்காரவேலர் முகத்தில் வியர்வை அரும்புவதைப் பார்க்க எவ்வளவு கூட்டம் வரும்! சாமிக்கே வியர்க்கும்னு நம்புற நாம, ஒரு சின்னப் பையனிடம் மட்டும் "அழாதே, நீதான் இனி வீட்டுக்கு ஆம்பள"ன்னு சொல்றோம். இது நியாயமா?

அப்போ என்னதான் சொல்றது? நேரா சொல்லலாம். "அப்பா இறந்துட்டாங்க. அவங்க உடம்பு இனிமே வேலை செய்யாது. திரும்ப வரமாட்டாங்க. இது உன் தப்பு இல்ல. நாங்க இருக்கோம்." அதையே பத்து தடவை கேட்டாலும், பத்து தடவையும் சொல்லலாம். அழுதவன் அடுத்த நிமிஷமே விளையாடப் போனா, மறந்துட்டான்னு அர்த்தமில்லை. குழந்தைகளின் துக்கம் அப்படித்தான் விட்டு விட்டு வரும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தல் பிரித்ததும் எல்லாரும் கிளம்பிடுவோம். அந்த வீட்டுக்கு ஆள் வேண்டியது அப்போதான். ஒரு நாள் சாப்பாடு கொண்டுபோங்க. பையனை ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போங்க. அந்த அம்மா பேசினா, குறுக்கே பேசாம கேளுங்க. நாள் போகப் போகப் பாரம் கூடினா, குழந்தைகளுக்கு 1098, மனநல உதவிக்கு 14416 எண்களில் பேசலாம்.

அந்தப் பையன் இன்னும் திருநீறு பூசவில்லை. யாரும் கட்டாயப்படுத்தவும் இல்லை. சாயங்காலம் அவனோடு கிரிக்கெட் ஆடுகிறோம். நேத்து அவனே கேட்டான்: "அண்ணா, முருகன் என்மேல கோவமா இருப்பாரா?"

"இல்லடா தம்பி. நீ எவ்வளவு நாள் கோவமா இருந்தாலும் அவர் காத்திருப்பார்."

இதை என்னால் மனசார சொல்ல முடிந்தது.

முருகா சரணம்.